புழு எண்ணிய நூறு வருடங்கள்

தேயிலைச் செடியின் நோயைப் பார்க்கத் தலவாக்கலையில் ஒரு நிலையமே இருக்கிறது. கொழுந்து பறிப்பவரின் நோயைப் பார்க்க வந்தவர்கள் எண்ணி, எழுதி, போய்விட்டார்கள்.

1992ஆம் ஆண்டு இலங்கையின் பெருந்தோட்டப் பகுதிகள் முழுவதையும் தழுவி ஒரு மலப் பரிசோதனை நடந்தது. மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் என்று இரு தரப்பையும் சோதித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடலில் புழு இருந்தது. வட்டப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு என்ற மூன்றில் ஒன்று, சிலருக்கு மூன்றுமே. இலவச வைத்தியத்துக்கும் எழுத்தறிவுக்கும் தெற்காசியாவுக்கே முன்மாதிரி என்று புகழப்பட்ட நாடு இது. அதே நாட்டின் நடுமலையில், உலகம் விரும்பிக் குடிக்கும் தேயிலை விளையும் இடத்தில் கிடைத்த எண் அது.

அதன் பிறகு நடந்தது நல்ல காரியம். 1994இல் தோட்டப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரு தடவை பூச்சிக் குளிசை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரை எல்லோருக்கும். 2005 வரை தொடர்ந்தது. பிறகு நின்றது.

நின்று நான்கு வருடம் கழித்து, 2009இல், ஒரு குழு மறுபடியும் போய்ப் பார்த்தது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஒட்டுண்ணியியல் பேராசிரியர் நிலந்தி டி சில்வாவும் அந்தக் குழுவில் ஒருவர். உலகில் எத்தனை கோடிப் பேருக்குக் குடற்புழு இருக்கிறது என்ற கணக்கை 2003இல் புதுப்பித்து எழுதியவர்களுள் முதன்மையானவர் அவர். ஐந்து மாவட்டங்கள், 114 பாடசாலைகள், பாடசாலைக்கு ஏறத்தாழ இருபது பிள்ளைகள். 1,890 பிள்ளைகளின் மாதிரிகள் கிடைத்தன. முடிவு 2011இல் வெளியானது. நூற்றுக்கு 29 பேருக்குப் புழு. 11.6 சதவீதத்தினருக்கு மிதமான அல்லது கடுமையான தொற்று. ஐந்தில் நான்கு மாவட்டங்களில் தொற்று 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இருபதைத் தாண்டினாலே பிள்ளைகள் எல்லோருக்கும் மருந்து கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

தொண்ணூறிலிருந்து இருபத்தொன்பது என்று பார்த்தால் வெற்றிதான். ஆனால் அந்த ஆய்வாளர்கள் வெற்றி என்று எழுதவில்லை. பத்து வருடத்துக்கு மேல் குளிசை கொடுத்தும், நிறுத்திய பின் தொற்று மீண்டும் தலைதூக்க முடியும் என்றார்கள். குளிசையை மறுபடி தொடங்குங்கள், அதோடு மலசலகூட வசதியையும் சுகாதாரக் கல்வியையும் கவனியுங்கள் என்று முடித்தார்கள்.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏனென்றால் இதே மலைகளில், இதே புழுவைப் பற்றி, இதே முடிவு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

மாத்தளைக்கு வந்த அமெரிக்கர்கள்

கொக்கிப்புழுவை இத்தாலியின் மிலான் நகரத்தில் 1838இல் டுபினி என்ற மருத்துவர் ஒரு பிரேதத்தின் குடலில் முதலில் கண்டார். 1880இல் ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் புனித கொத்தார்ட் சுரங்கம் வெட்டிய தொழிலாளர்கள் வெளிறிச் சாய்ந்தபோதுதான் அது உழைப்பாளிகளின் நோய் என்று ஐரோப்பாவுக்கு உறைத்தது. எப்படித் தொற்றுகிறது என்பது 1898 வரை புரியவில்லை. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற விஞ்ஞானி புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தவறிக் கையில் சிந்திக்கொண்டார். தோல் அரித்துச் சிவந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டை வந்தது. வாய் வழியாக அல்ல, தோலைத் துளைத்தே அது உள்ளே போகிறது.

இதைத் தெரிந்துகொண்டு ஒரு தேயிலை மலையைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். முட்டை பொரிக்க இளஞ்சூடும் ஈரமும் நிழலும் வேண்டும். அடர்ந்த தேயிலைச் செடியின் கீழே மூன்றும் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கக்கூசு கிடையாது, ஆகவே ஆட்கள் தேயிலைக்குள்தான் போக வேண்டும். காலையில் அதே மலையில் அதே ஆட்கள் வெறுங்காலோடு கொழுந்துக்கு இறங்குவார்கள். குஞ்சு பாதத்தைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்கும். அங்கே ஒரு புழு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒரு துளிக்கும் குறைவான இரத்தம்; நூற்றுக்கணக்கில் இருந்தால் வருடக்கணக்கில் அது என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909 முதல் றொக்பெல்லரின் பணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு நடந்தது; பிறகு றொக்பெல்லர் அறக்கட்டளை உலகத்தின் பக்கம் திரும்பியது. கீழைத்தேசப் பொறுப்பில் இருந்தவர் விக்டர் ஹைசர். இலங்கையில் வேலை 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. மாத்தளை, தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் காட்டுப் பாதை வழியே நடந்து வந்தவர்கள் மலைக்கு ஏறிய வாசல். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

தோட்டத்தை நடத்திய துரைமாருக்கு இந்த ஆராய்ச்சி பிடித்திருந்தது, ஓரளவுக்கு. வெளிறிய ஆள் குறைவாக வேலை செய்வான். மருந்து கொடுத்தால் கூடுதலாகச் செய்வான். அந்தக் கணக்கு அவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. பேதி மருந்து, பட்டினி, தைமோல் அல்லது கெனோபோடியம் எண்ணெய், மறுபடி பேதி என்று அன்றைய வைத்தியம் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். அந்த நாள் வேலை போவது மட்டும் அவர்களுக்குக் கசந்தது. கக்கூசு கட்டச் சொன்னபோது கசப்பு பல மடங்காகியது. கட்டிக் கொடுத்தாலும் கூலிகள் போக மாட்டார்கள் என்று சொன்ன துரைமார் உண்டு. நோயே இந்தியாவிலிருந்து வருகிறது என்ற வாதமும் இருந்தது. ஆட்கள் புறப்பட்டு வந்த சேலத்திலும் திருச்சியிலும் இராமநாதபுரத்திலும் காய்ந்த மண்ணில் புழுக்குஞ்சு பிழைப்பது கடினம் என்பதை நினைத்தால் அந்த வாதம் நிற்காது. ஊரிலிருந்து ஆள் சில புழுக்களோடு வந்திருக்கலாம். அவற்றை நூறாக்கியது தோட்டத்து மண்.

இருந்தும் வாதம் வென்றது போலத்தான் காரியம் நடந்தது. இராமேசுவரத்துக்கு அப்பால் மண்டபத்தில் கப்பலேறும் முன் ஆட்களை நிறுத்திவைத்து அம்மை குத்தி, துணிமணியைப் புகை போட்டு அனுப்பிய முகாமிலேயே பின்னர் கொக்கிப்புழு மருந்தும் கொடுக்கப்பட்டது. ஆளைக் கழுவி அனுப்புவது, லயத்தை மாற்றுவதைவிட மலிவு.

றொக்பெல்லர்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மருந்து கொடுத்தவர்களுக்குத் திரும்பவும் புழு பிடிப்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். மலக்கழிவு மண்ணில் விழுகிற வரைக்கும் மருந்து தற்காலிகம்தான் என்று எழுதியும் வைத்தார்கள். 1926இல் அவர்கள் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, ஒரு நோயை மட்டும் பார்க்காமல் தாய், சேய், கிணறு, கக்கூசு என்று முழு ஊரையும் பார்த்தது. இன்று நாட்டில் எங்கும் இருக்கிற சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களின் மூத்த பிள்ளை அது. மலையில் கற்ற பாடத்தின் பலன் முதலில் கரையோரத்துக்குக் கிடைத்தது. தோட்டத்துக்குள் வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பாகவே, அதாவது துரையின் பொறுப்பாகவே, இன்னும் பல பத்தாண்டுகள் கிடந்தது.

தூக்குமேடைக்கு முன் ஒரு மருந்து

அந்தக் காலத்து ஆராய்ச்சியில் இன்னொரு சங்கதி உண்டு. பலருக்குத் தெரியாது, தெரிந்தாக வேண்டும்.

1921இல் அமெரிக்காவின் மொரிஸ் ஹோல் என்ற கால்நடை விஞ்ஞானி, கார்பன் டெட்ராகுளோரைட் கொக்கிப்புழுவைக் கொல்லும் என்று கண்டார். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு மூன்று மில்லிலீட்டரைத் தானே விழுங்கினார். மலிவான மருந்து, ஒரே வேளை, முன்னதாகப் பட்டினி தேவையில்லை. தோட்டங்களுக்கென்றே செய்தது போல இருந்தது. ஆனால் ஈரலைக் கெடுக்குமா என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. உயிரோடிருப்பவரின் ஈரலை எப்படிப் பார்ப்பது?

விடை இலங்கையிலிருந்து வந்தது. டொச்சர்ட்டி, பர்ஜஸ் என்ற இருவர் மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு மருந்தைக் கொடுத்து, தூக்கு நிறைவேறிய பின் ஈரலை வெட்டிப் பார்த்து, 1922இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் எழுதினார்கள். அதே வருடம் கொழும்பு நுண்ணுயிரியல் நிலையத்தின் லூஷியஸ் நிக்கல்சும் ஹம்டனும் இந்த மருந்தால் மனிதருக்குச் செய்த சிகிச்சை பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். மருந்து உலகமெங்கும் போனது. பின்னர் அதன் ஈரல் நச்சுத்தன்மை ஐயமில்லாமல் நிரூபணமாகி, கைவிடப்பட்டது.

ஹோல் தன் வயிற்றைத் தானே தெரிந்தெடுத்தார். சிறைக்குள் இருந்தவனுக்குத் தெரிந்தெடுக்க என்ன இருந்தது? 1947இல் நூரம்பேர்க் நெறிகளும் 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனமும் வருவதற்கு முந்திய காலம் என்று சமாதானம் சொல்லலாம். காலத்தைக் காட்டித் தப்பிப்பது எனக்கு ஒப்பவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்கிற ஆளிடமும் அன்று யாரும் சம்மதம் கேட்டிருக்கப் போவதில்லை. துரை சொன்னால் கங்காணி ஆளை நிறுத்துவார். அவ்வளவுதான்.

இன்று நிலைமை வேறு. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும், பெற்றோர் கையெழுத்திட வேண்டும். ஆனாலும் தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் தயவு வேண்டும் என்ற நிலை முழுதாகப் போய்விடவில்லை. நிர்வாகம் அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டால் மக்கள் மறுக்கவும் தயங்குவார்கள், உண்மை சொல்லவும் தயங்குவார்கள். படிவத்தை மலையகத்துப் பேச்சில் வாசித்துக் காட்டத் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லாவிட்டால் கையெழுத்துக்குப் பொருளில்லை.

செடிக்கு வந்த புழுவும் ஆளுக்கு வந்த புழுவும்

இதே மலைகளில் செடியின் கதை வேறு. 1869இல் கோப்பிச் செடியில் துரு நோய் வந்தது. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் பார்த்தார்கள். கோப்பி பிழைக்கவில்லை, தேயிலை வந்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் வேரூன்றியது. இலைச்சுருட்டிப் புழு தேயிலையை அரித்தபோது, 1930களின் நடுவில் அதன் எதிரியான ஒரு குளவியை யாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். புழு அடங்கிவிட்டது. இன்றும் உயிரியல் கட்டுப்பாட்டுக்கு உதாரணமாகப் பாடப்புத்தகத்தில் வரும் சாதனை. 1946இல் கொப்புள நோய் வந்தபோது அதற்கும் மருந்தடித்து வழி கண்டார்கள். எந்த ஆராய்ச்சியும் இடையில் அறுபடவில்லை. நிலையம் அங்கேயே இருந்தது, மண்ணை வருடந்தோறும் பார்த்தது, செடி வளரும் இடத்தையே மாற்றியது.

நான் அந்த நிலையத்தைக் குறை சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒன்று, செடிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஏன் அமையவில்லை என்றுதான் கேட்கிறேன். தலவாக்கலையிலோ ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ தோட்டத்து நோய்களை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நிலையம் இருந்திருந்தால், 2005இல் குளிசை நின்றதும் 2006இலேயே எண் ஏறுவது தெரிந்திருக்கும்.

2009 ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி உயரம் பற்றியது. தாழ்ந்த பகுதித் தோட்டங்களில் மூன்று புழுக்களுமே அதிகம். இரண்டு மாவட்டங்களில் கொக்கிப்புழு கிடைக்கவே இல்லை. வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் ஐந்து மாவட்டங்களிலும் இருந்தன. கொக்கிப்புழுக் குஞ்சுக்குக் குளிர் ஆகாது. வட்டப்புழுவின் முட்டையோ தடித்த ஓட்டோடு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவின் குளிர் ஒரு புழுவுக்கு வேலி போட்டிருக்கலாம், மற்றதற்குப் போடவில்லை.

பிடிக்காத செய்தியும் ஒன்று உண்டு. தாயின் கல்விக் குறைவு, மூன்று புழுக்களுக்கும் ஆபத்துக் காரணி என்று புள்ளிவிவரம் காட்டியது. கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் அட்டவணையில் அது தாயின் பெயரில் ஏறுகிறது. அவளைப் படிக்கவைக்காத தோட்டப் பாடசாலையின் பெயரில் ஏறுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் குடும்பம் முழுவதையும் அடைத்துவைத்த லயத்தின் பெயரிலும் ஏறுவதில்லை. காலை பெரட்டுக்கு ஓடி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மாலை கொழுந்து நிறுத்து முடிந்து வரும் பெண்ணுக்குக் கை கழுவும் பாடம் தெரியாமலா இருக்கிறது? கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். அவள் நிற்கும் மலையில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. கையைக் கழுவத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பீலியில் இருக்கிறது, பீலி லயத்துக்குக் கீழே இருக்கிறது.

இதற்குமேல் இரத்தசோகை. ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் என்று போகிற சாப்பாட்டில் இரும்புச்சத்து குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தேநீர் தடுக்கும். அவர்கள் பறித்த இலையே அவர்களுக்குப் பகையாகிறது. 2016 தேசியக் கணிப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுதும் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7 சதவீதம். புழு மட்டும் இதற்குக் காரணமல்ல. ஆனால் புழுவும் ஒரு பங்காளி. அதே 2016இல்தான் மலேரியாவையும் யானைக்கால் நோயையும் ஒழித்த நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இரண்டும் பெருமைப்பட வேண்டிய சாதனைகள். இரண்டும் கொசு பரப்பும் நோய்களோடு போராடியவை. யாருடைய வீட்டையும் காணியையும் கேட்கவில்லை.

கொரியா சொல்லும் கதை

புழுவை ஒழிக்க முடியாது என்பவர்களுக்குத் தென்கொரியாவைக் காட்டலாம். 1971இல் நாடளாவிய பரிசோதனையில் 84.3 சதவீதத்தினருக்குப் புழு முட்டை இருந்தது. நமது தோட்டங்களின் 1992 எண்ணுக்கு அருகில். 1966இல் அதற்கென்றே சட்டம் போட்டு, பாடசாலைப் பிள்ளைகளை வருடத்துக்கு இருமுறை பரிசோதித்து, புழு இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்து வந்தார்கள். 1997இல் எண் 2.4 சதவீதம். குளிசை மட்டும் இதைச் செய்யவில்லை. அதே வருடங்களில் கொரியக் கிராமங்களில் வீடு மாறியது, கக்கூசு மாறியது, மனித மலத்தை வயலுக்கு உரமாக இடுவது நின்றது, கூலி உயர்ந்தது. புழு இரு பக்கத்திலிருந்தும் நெருக்கப்பட்டது. மாறாகக் கழிவுநீர் வசதி கெட்டால் பணக்கார நாட்டிலும் அது திரும்பி வரும்: 2017இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் கவுண்டியில் 55 பேரைச் சோதித்ததில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயம் இருந்தது. றொக்பெல்லர் ஒழிப்பு வேலை தொடங்கிய அதே தென் மாநிலங்களில்தான்.

நமது மலையில் கக்கூசு கட்டுவது யார் என்ற கேள்விக்கு நெடுங்காலம் சட்டப்படியே பதிலில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்கு அங்கே உண்டு, உறுப்பினர் அங்கே உண்டு, பாதையோ கழிவுக் கால்வாயோ போட முடியாது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. வீடு, நலன் ஆகியவற்றைப் பார்க்க ஒரு நிதியம் அமைந்தது. வைத்தியசாலைகள் ஒவ்வொன்றாக அரசுக்கு மாறத் தொடங்கின. எல்லாம் அரைகுறை. 2018இல்தான் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது. 1916இலிருந்து கணக்கிட்டால் நூற்றிரண்டு வருடம்.

கட்டடங்கள் வரத்தான் செய்கின்றன. இந்திய உதவியில் கட்டிய 150 படுக்கை வைத்தியசாலை டிக்கோயாவில் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. தனித்தனி வீடுகளும் சில தோட்டங்களில் எழுந்துள்ளன, வீட்டோடு கழிப்பறையும். அதே தோட்டத்தில் பழைய லயங்களும் நிற்கின்றன.

இதில் ஆராய்ச்சிக்கு ஓர் அபூர்வ வாய்ப்பு இருக்கிறது. யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். லயத்துப் பிள்ளையும் புது வீட்டுப் பிள்ளையும் ஒரே பாடசாலைக்குத்தான் போகிறார்கள், அங்கே குளிசை கொடுத்தால் ஒரே நாளில் ஒரே குளிசையை விழுங்குவார்கள், ஒரே உயரத்தில் வாழ்கிறார்கள். வித்தியாசம் வீடும் தண்ணீரும் மட்டுமே. குளிசை கொடுத்து ஒரு வருடம் கழித்து இரு பக்கத்துப் பிள்ளைகளின் மலத்தையும் பார்த்தால், யாருக்கு எவ்வளவு வேகமாகப் புழு திரும்பியது என்று தெரிந்துவிடும். புது மருந்து வேண்டாம், புதுக் கருவி வேண்டாம். ஜப்பானியர் கட்டோவும் பிரேசிலின் கட்ஸும் வகுத்துக் கொடுத்த அதே முறை, 41.7 மில்லிகிராம் மலம், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நுண்ணோக்கி, எண்ணத் தெரிந்த ஓர் ஆள். விடையைப் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டக் கூட்டத்துக்கும் கம்பனியின் கொழும்பு அலுவலகத்துக்கும் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்ப வேண்டும். மாதிரி கொடுத்த பெற்றோருக்கு அதற்கு முன்பே.